பந்திங் கேட்டின் துரு

கிரைண்டர் என்றால் தேய்க்கிற மிஷின், அவ்வளவுதானே என்று யாராவது சொன்னால் நாகையாவுக்குச் சுள்ளென்று கோபம் வரும். இரும்புக் குழாயை அறுக்க மெல்லிய வட்டு, வெல்டிங் மேட்டைத் தேய்க்கச் சாணைக்கல், மார்பிளுக்கு வைரப்பொடி வைத்த வட்டு, துருவைச் சுரண்டக் கிண்ணம் மாதிரி கம்பி பிரஷ். மாற்றிப் போட்டால் வட்டு தெறித்து மூஞ்சியைக் கிழித்துவிடும், விளையாட்டா? கிள்ளான் பட்டணத்தில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கேட் கிரில் பட்டறையில் இதே வேலையாகக் கிடந்து அவருக்குத் தலை நரைத்தது.

மனைவி இராஜம்மா போய்ச் சேர்ந்த பிறகு பட்டறைக்குப் பின்னால் இருந்த அறையே வீடு. ஒரே மகள் புஷ்பவல்லி கல்யாணமாகி, பஸ்ஸில் போகிற தூரத்தில், பந்திங் ஊரில் இருந்தாள். வேலை முடிந்து மிஷினை நிறுத்தினால் போதும், அந்த அமைதி மனுஷனைத் தின்றுவிடும். பேச ஓர் ஆள் வேண்டுமே!

தொண்ணூற்றைந்தில் மகளும் மருமகன் விஜயனும் புதுத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கினார்கள். அப்போது எல்லாருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட் மேல்தான் கண். நாகையா தன் கையாலேயே ஒன்று செய்துகொடுத்தார். காலமெல்லாம் இரும்போடு கிடந்த மனுஷன், புதுமனை புகுவிழா அவசரத்தில் இரும்புத் துருவைத் தேய்த்த அதே கம்பி பிரஷ்ஷால் அதையும் தேய்த்துத் தொலைத்தார். பிரஷ்ஷில் இருந்த இரும்புத் தூள் பளபளப்புக்குள் புகுந்துகொண்டது; தூள் துருப்பிடித்தால் கேட்டே துருப்பிடித்த மாதிரிதான்.

கொஞ்ச நாளில் பட்டறைக்கு ஃபோன் வந்தது. "அப்பா, கேட்டுல புள்ளி புள்ளியா துரு புடிக்குதுப்பா. அவர் ஒரு மாதிரி சிரிக்கிறாரு. வந்து பாருங்களேன்."

மானம் போயிற்று. மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். புது உப்புத்தாள் வட்டைப் போட்டு இழைத்து, ஆசிட் தடவிக் கழுவினார். கேட் கண்ணாடியாக மின்னியது.

"அட, சூப்பர் லா மாமா!" என்றான் விஜயன். "இனிமே துரு வராதுதானே?"

"வராது மாப்ள."

அன்றைக்குப் புஷ்பவல்லி கிராமத்து ருசியில் கெம்போங் மீன் குழம்பு வைத்தாள். அவரை இரவு தங்கச் சொன்னாள். மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து எதையோ பார்த்துச் சிரித்தார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அன்றுதான் நாகையா நன்றாகத் தூங்கினார்.

துரு போனது. ஃபோனும் போனது. மகளைக் குறை சொல்ல முடியாது, அவளுக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. 'சும்மா பாக்க வந்தேன்' என்று போய் நிற்கலாம்தான். ஆனால் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் காரணமில்லாமல் போய் நிற்க அவருக்குக் கூச்சம், பாழாய்ப்போன கூச்சம்!

தீபாவளிக்குப் போனவர், "கேட்ட ஒரு தட்டு தட்டிட்டு வரேம்மா" என்று வெளியே வந்தார். பையில் இரும்புக்கு ஒன்று, ஸ்டெயின்லெஸ்ஸுக்கென்று புதிதாக ஒன்று என இரண்டு பிரஷ் இருந்தன. இந்தத் தடவை அவசரம் ஒன்றும் இல்லை. இரும்புக்கானதை எடுத்து மாட்டி, கீழ்க் கம்பியில் ஒரு ஓரமாக இலேசாக வைத்தார். தொழில் கற்ற கை கூசியது. வைத்துவிட்டார்.

ஃபோன் வந்தது. பஸ் ஏறினார். மீன் குழம்பு சாப்பிட்டார். பழைய புள்ளியை எடுத்துவிட்டுப் போகும்போது வேறு இடத்தில் ஒன்று வைத்தார். "கடல் காத்து மாப்ள, என்ன பண்ண?" என்று வாய் கூசாமல் சொன்னார். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அந்த ஒரு வருடம் மனுஷன் முகத்தில் களை இருந்தது.

ஒரு சனிக்கிழமை பட்டறையில் ஃபோன் அடித்தது. நாகையா சந்தோஷமாக ஓடிப்போய் எடுத்தார்.

"அப்பா, அந்தக் கேட்ட கழட்டியாச்சுப்பா. வேற ஆளு வந்து அலுமினியத்துல போட்டுட்டாங்க."

"ஏம்மா?"

"உங்களுக்காகத்தான்பா. இந்த வயசுல அவ்ளோ கனமான மிஷின தூக்கிக்கிட்டு பஸ்ல வர்றீங்க, எனக்கு மனசே கேக்கல. அவர் போனஸ் காச அப்படியே போட்டாரு. அலுமினியம் துருவே புடிக்காதாம். இனிமே நீங்க அலைய வேணாம்பா."

தவுக்கே எதிரே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நாகையா ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நல்லது செஞ்சீங்கம்மா," என்றார். "மாப்ளகிட்ட நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன்னு சொல்லு."