இளையபெருமாள் வேலையில் சேர்ந்த வெள்ளிக்கிழமை

1963இல் இளையபெருமாளுக்கு வாத்தியார் வேலைக்கு உத்தரவு வந்தது. செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. எங்கள் சேரியில் ஆசிரியர் பயிற்சி முடித்த முதல் ஆள் அவன்தான். வெள்ளிக்கிழமைக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் உத்தரவு செல்லாது.

புதன்கிழமையே போனான். தலைமை ஆசிரியர் ரங்கநாதன் பஞ்சாங்கத்தைப் பிரித்து, "இன்னைக்கு அஷ்டமிப்பா. நாளைக்கு நவமி. வெள்ளிக்கிழமை வா" என்றார். அந்த வேலைக்குத் தம் தங்கை மகனை அவர் குறித்து வைத்திருந்தார். அது மட்டும் பஞ்சாங்கத்தில் இல்லை.

வெள்ளிக்கிழமை அவன் அம்மா பூவாயியும் நடவை விட்டுவிட்டுக் கூட வந்தாள். அவளை வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். காலையில் ராகுகாலம் என்றார் ரங்கநாதன். பிறகு சாப்பிட்டார், தூங்கினார். எழுந்தபோது மணி மூன்று.

"இப்ப எமகண்டம். நாலரைக்கு மேல பாக்கலாம்."

"நாலரைக்குப் பூட்டிடுவீங்களே சார்."

"அதுக்கு நான் இன்னா பண்றது? எமன் என் கையிலயா இருக்கான்?"

அந்தப் பள்ளியில் படித்த காலத்தில் அவர் எமகண்டத்தில் சம்பளம் வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்போது வேலியோரம் ஒரு கூச்சல். பூவாயி தலையை விரித்துப்போட்டு ஆடிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"டேய் ரங்கநாதா, மாரி வந்திருக்கேன்டா. எம் புள்ளைய வெயில்ல நிக்க வச்சிட்டு நீ நெழல்ல தூங்கறியா?"

ரங்கநாதன் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். "தாயே, எமகண்டம்னு..."

"எனக்கே கண்டம் சொல்றியா? எமன் எனக்கு எடுபிடிடா."

சாமியாடுவது ஏமாற்று என்று பயிற்சிப் பள்ளியில் மேடையேறிப் பேசியவன் இளையபெருமாள். கூசிப்போய், "யம்மா, சும்மா இரு" என்று கையைப் பிடித்தான். மாரியம்மன் அவனை முறைத்தாள். சோற்றைச் சிந்தினால் வீட்டில் விழும் அதே முறைப்பு. கையை விட்டுவிட்டான்.

அம்மன் மண்ணை அள்ளித் தலைமை ஆசிரியர் நெற்றியில் பூசினாள். பூவாயி தொட்டால் தீட்டு. அவள்மேல் அம்மன் ஏறித் தொட்டால் திருநீறு. இந்தக் கணக்கை எந்தப் பயிற்சிப் பள்ளியும் சொல்லித் தருவதில்லை. ரங்கநாதன் நெற்றி மண்ணோடு பதிவேட்டை நீட்டினார். இளையபெருமாள் கையெழுத்துப் போட்டான்.

திரும்பும் வழியில் பூவாயி கொண்டையை முடிந்துகொண்டு முன்னால் நடந்தாள். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"யம்மா, நெசமாவே சாமி வந்துச்சா?"

"அது வர்ற வரைக்கும் காத்துனு இருந்தா, அவன் பூட்டினு போயிருப்பான்டா" என்றாள்.