மாரிமுத்துவுக்கு அரிசி கிடைத்தது

இன்று எங்கள் தோட்டத்தில் அரிசி கிடைத்தது. நம்ப மாட்டீர்கள். கிடைத்தது என் கூட்டாளி மாரிமுத்துவுக்கு.

முந்தாநாள் என்னோடு தேயிலைச் செடியைப் பிடுங்கி மரவள்ளி நட்டவன், தோட்டத்தைப் பிடித்துக்கொண்ட ஜப்பான்காரனுக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு லயத்து வீட்டில் போய்ப் படுத்தான். காய்ச்சல்.

நேற்று, "அரிசிக்கஞ்சி குடிச்சா எந்திரிச்சிடுவேன்டா" என்றான்.

கங்காணியிடம் ஓடினேன். "தானா ராத்தா டவுன் கடையிலயே அரிசி இல்ல. கிழங்க அவிச்சுக் குடு லா" என்றார்.

விடிவதற்குள் போய்விட்டான். இருபது வயதுகூட ஆகவில்லை.

வாய்க்கரிசிக்கு அரிசி இல்லாமல் அவன் அக்கா மரவள்ளியைச் சீவி வைத்தாள். கங்காணிக்குப் பொறுக்கவில்லை.

"சாவு வீட்டுல கிழங்கா? நம்ம சனத்துக்கு மானம் வேணாமா?" என்று வீட்டுக்குப் போய்க் கிண்ணம் நிறைய வெள்ளரிசி கொண்டுவந்தார்.

"நேத்து இல்லன்னீங்களே?"

"நேத்து நீ கேட்டது கஞ்சிக்கு. இது சடங்கு லா."

நியாயம்தான்.

எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்கள். நான் கை நிறைய அள்ளிப் போட்டேன். அவன் கேட்டதே அவ்வளவுதான்.

உங்கள் தோட்டத்தில் உயிரோடு இருப்பவருக்கும் அரிசி கொடுத்தால் சொல்லுங்கள். அங்கே வேலைக்கு வந்துவிடுகிறேன். இங்கே அதற்குச் சாக வேண்டியிருக்கிறது.