மாதுளம்பழத்தில் கைவைத்த குழந்தை

முதல் இரண்டும் தங்காமல் போன அத்தை, மூன்றாவதைச் சுமந்துகொண்டு பேரையூரிலிருந்து எங்கள் ஆரப்பாளையம் வீட்டுக்கு வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் ஒரே தங்கை அவள். பிள்ளைத்தாய்ச்சி அழகான குழந்தை முகத்தையே பார்க்க வேண்டும் என்று அப்பா சிம்மக்கல்லில் ஒரு பெரிய படம் வாங்கிவந்து கட்டிலுக்கு எதிரே மாட்டினார். மாதாவின் மடியில் கொழுகொழு ஏசு. ஒரு கை, பிளந்த மாதுளம்பழத்தின் மேல். எந்தச் சாமியானால் என்ன, பிள்ளை சிவப்பாக இருக்கிறதே என்பது அப்பாவின் சமாதானம்.

ரத்தம் ஊறுவதற்காக அத்தைக்குத் தினமும் மாதுளைதான்.

“பாருடி, அந்தப் புள்ளயும் நம்மள மாதிரியே திங்குது” என்று எனக்கும் ஒரு பிடி தருவாள்.

ஒருநாள் பள்ளியில் டிராயிங் டீச்சர் பழைய இத்தாலி ஓவியங்கள் உள்ள தடித்த புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். அதில் எங்கள் வீட்டுப் படம்! எழுந்து நின்று பெருமையாகச் சொன்னேன்.

“அப்ப அந்தப் பழம் எதுக்குன்னு சொல்லு பாப்போம்” என்றார். பிறகு அவரே சொன்னார். “அந்தச் செவப்பு முத்தெல்லாம் இந்தப் புள்ள பின்னால சிந்தப்போற ரத்தம். அம்மாவுக்கு அது முன்னாடியே தெரியும். மூஞ்சியப் பாரு, சிரிக்கவே இல்ல.”

உயிர்த்தெழுவதற்கும் அதே பழம்தான் அடையாளம் என்று அவர் தொடர்ந்தது என் காதில் ஏறவே இல்லை. தினமும் பார்த்த முகம். சிரிக்கவில்லை என்பதை ஒருநாளும் நான் பார்த்திருக்கவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றினேன். கனம் தாங்காமல் கைநழுவிக் கண்ணாடி சிதறியது. அலறி எழுந்த அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஓடிவந்த அம்மா என்னை அறைந்தாள்.

“அந்தப் புள்ள செத்துப்போகும்மா! பழம்னா ரத்தமாம்! டீச்சர் சொன்னாங்க!”

அம்மா என் வாயைப் பொத்தினாள். பொத்துவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

அத்தை கீழே கிடந்த படத்தைப் பார்த்தாள். பிறகு, “அடிக்காதீங்க மதினி. அந்தம்மா சிரிக்கலங்கிறத மாட்டுன அன்னைக்கே பாத்துட்டேன். அவங்களும் என்னைய மாதிரிதான். கண்ணாடி இல்லாட்டியும் பரவால்ல, அங்கயே மாட்டிருங்க” என்றாள்.

எனக்கு இது இன்னும் பெரிய அதிர்ச்சி. பயந்தால் கழற்றத்தானே வேண்டும்?

அத்தைக்குப் பையன் நல்லபடியாகப் பிறந்தான். இப்போது கல்லூரியில் படிக்கிறான். ஆனால் கண்ணாடி உடைந்த அன்று சாயங்காலம் அத்தை என்னைப் பக்கத்தில் படுக்கச் சொல்லி, என் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. விடவில்லை. அழுத என்னைத் தேற்றுகிறாள் என்றே அப்போது நினைத்துக்கொண்டேன்.