கொலையில்லா நாட்கள்: 41

சிரிக்க வைக்க எழுதிப் பிழைப்பவன் நான். இதில் ஒரு வரிகூடச் சிரிப்புக்காக எழுதவில்லை. நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, மாலை 6.40 முதல் 6.52 வரை. பன்னிரண்டு நிமிடம். அத்தனையும் நடந்தது.

பகலில் எனக்கு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை. ஆலை வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை இருக்கும். தினமும் எண் தகட்டை மாற்றி மாட்டுவோம். அடிபட்டவன் கேட்டைத் தாண்டி ஆம்புலன்ஸில் செத்தால் எண்ணுக்குச் சேதமில்லை. அவ்வளவு புனிதமான எண்.

இந்தப் பலகையை எங்கள் வட்டார இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார். பழைய இரும்பு ஏற்றும் காண்டிராக்டுக்காக இரண்டு கோஷ்டிகள் அந்த ஒரே வருடத்தில் ஒன்பது பேரை வெட்டிச் சாய்த்திருந்தன. கத்தியைப் பிடுங்குவது கஷ்டம். பலகை வைப்பது சுலபம். ஆரம்பாக்கம் போகும் சாலை முனையில் வைத்தார். 'கொலையில்லா நாட்கள்'. திறப்பு விழாவுக்கு ஆளுயர மாலை, மேலே ட்ரோன், 'நான் அமைதியின் விவசாயி' என்று நாற்பது நிமிட உரை. எண் மாட்டும் வேலை, அனுபவஸ்தன் என்பதால், என் தலையில் விழுந்தது.

38ஆம் நாள் ஏஞ்சலின் வந்து நின்றார். எங்கள் கேன்டீனில் பாத்திரம் கழுவுபவர். அவர் மகன் இம்மானுவேல் அதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இருபத்து நான்கு வயது. ஒரு கோஷ்டி அவனைக் கூப்பிட்டிருக்கிறது. வரமாட்டேன் என்றிருக்கிறான். 36ஆம் நாள் மாலை வேலை முடிந்து கிளம்பியவன் வீடு போய்ச் சேரவில்லை.

"ரெண்டு நாளா அலைஞ்சிக்கினு கீறேன் சார். எழுதிக்கவே மாட்டேன்றாங்க. எவளையாவது இட்டுக்கினு ஓடியிருப்பான்றாங்க. ஓடுறவன் டிபன் டப்பாவத் தூக்கிக்கினா ஓடுவான்? நீங்க சொன்னா கேப்பாங்க சார்."

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு துளசிராமன் என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, காணோம்னு எழுதுனா தேடணும். தேடுனா கெடைப்பான். எப்டிக் கெடைப்பான்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பால நம்பர் பூடும். அம்பதாவது நாளு மந்திரி வராரு. பேஜாரு பண்ணாதே."

அடுத்தவன் அயோக்கியத்தனத்தைப் பற்றி இருபது வருடமாக நையாண்டி எழுதுகிறேன். அன்று என்ன செய்தேன்?

39 மாட்டினேன். மறுநாள் 40.

14ஆம் தேதி. மணி 6.40. ஏணியைச் சாய்த்து ஏறினேன். 40-இலிருந்து பூஜ்யத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். 1-ஐ மாட்டினேன். தகடு ஈரமாக இருந்தது. மழை பெய்து ஒரு வாரம்.

இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தேன்.

00.

என்னிடம் இருந்ததே ஒரு பூஜ்யம்தான். பையைத் திறந்தேன். உள்ளே 4. அதனடியில் 1. இரண்டிலும் தண்ணீர் சொட்டியது...

6.44. மறுபடி ஏறினேன். 41 மாட்டினேன். நன்றாக அழுத்தி, கொக்கியையும் வளைத்துவிட்டேன்.

இறங்கும்போது மேலே சத்தம்.

டங்...

டங்...

00.

லாரி போகாத நிமிடமே இல்லாத சாலை அது. ஒன்றுகூட வரவில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

6.47. மூன்றாம் முறை ஏறினேன். பயமில்லை, கோபம். யாரோ விளையாடுகிறான் என்ற கோபம்.

பாதி உயரத்தில் ஏணி ஆடியது.

யாரோ கீழே பிடித்திருந்தார்கள்.

குனிந்தேன். எங்கள் ஆலையின் நீலச் சட்டை. தலை கவிழ்ந்திருந்தது. முகம் தெரியவில்லை.

"யாரு?"

ஒரு படி இறங்கினேன்.

"யாருப்பா அது?"

"அண்ணா..."

மூச்சு இரைத்தது.

"என்னத் தேடுறாங்களாண்ணா?"

ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"தேடுறாங்களா...?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஒரு பஸ் ஹாரன்.

6.52.

கீழே யாருமில்லை.

பலகையை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன். 00.

8.10-க்கு துளசிராமன் போன் செய்தார்.

"எவன்ணே பூஜ்யம் மாட்டுனது? ஊரே வந்து நிக்குது. யாரு செத்ததுன்னு கேக்கறானுங்க!"

"நான்தான் மாட்டினேன்," என்றேன். "ஏஞ்சலின் மகன் இம்மானுவேல். போய்த் தேடுங்க."

ஊர் கேட்ட பிறகு தேடாமலிருக்க முடியவில்லை. மறுநாள் காலை 7.20. ஏரிக் கோரைக்குள் கிடைத்தான். இரண்டு காலிலும் ஆழமான வெட்டு. பலகை இருந்த சாலையிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அந்த இடம் அடுத்த ஸ்டேஷன் எல்லையாம். அமைதியின் விவசாயி நிம்மதியாக மூச்சுவிட்டார். அன்று மாலையே யாரோ 42 மாட்டினார்கள். நானில்லை.

மூன்று வாரம் கழித்து ஏஞ்சலின் பிரேதப் பரிசோதனை அறிக்கையை என்னிடம் நீட்டினார்.

"இங்கிலீஷ்ல கீது. இன்னா எழுதிக்கிறாங்க சார்?"

படித்தேன். அவரிடம் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை.

வெட்டுக் காயங்கள் ஐந்து நாள் பழையவை. வயிற்றில் ஏரித் தண்ணீர், மென்ற கோரைக்கிழங்கு.

உயிர் பிரிந்த நேரம், உத்தேசமாக: நவம்பர் 14, மாலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில்.