சுவர் தாண்டாத வெளிச்சம்

“ஒரு வாளி தண்ணி கிடைக்குமா?” என்று கேட்டேன். தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை. குடிக்கிற தண்ணீரை யாராவது வாளியில் கேட்பார்களா என்று கடைக்காரர் முழித்தார்.

“குடிக்க இல்லீங்க. உங்க லைட்டைக் கொஞ்சம் குளிப்பாட்டிப் பாக்கணும்.”

கூட வந்திருந்த என் கணவர் நைசாக வெளியே போய், எதிர்ச் சாரியில் இருந்த செருப்புக் கடையை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். நான் வாய் திறந்தால் அவருக்கு எப்போதும் செருப்பு வாங்க வேண்டியிருக்கும்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அன்று வாளி கேட்டதற்கு அது மட்டும் காரணமில்லை. அதற்கு முந்தைய வருஷத்துக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீடு திருவையாறு போகிற சாலையில் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் நானே வைத்து வளர்த்த தோட்டம். முல்லைப் பந்தல், கனகாம்பரம், நாலு பாத்தி கத்தரி, ஒரு நார்த்தை. எல்லாம் என் கை பட்டது. ஆனால் கண்ணால் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். காலையில் எட்டு மணி பஸ். திரும்பி வரும்போது இருட்டிவிடும். வயலுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருட்டில் கால் வைக்கிற வேலை ஆகாது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் எலியும் வரும், எலியைத் தேடி விரியனும் வரும். சாயங்காலம் ஒரு மணி நேரம் என் செடிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அது பெரிய ஆசையா?

என் கணவர் வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். “அங்கல்லாம் ராத்திரி பகல் மாதிரி இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு ஃபிளட் லைட்டை மாட்டினார். மழையே பெய்யாத தேசத்தில் விளக்கு பார்த்துப் பழகிய மனிதர். தோட்டம் கிரிக்கெட் மைதானம் மாதிரி ஜொலித்தது. ஐப்பசியில் பச்சைப் பூச்சிகள் படை திரண்டு வந்து எங்கள் சாம்பாரில் குதித்தன. பொறுத்துக்கொண்டேன். அடைமழையில் விளக்குக்குள் தண்ணீர் இறங்கி வீட்டு மெயினே டிரிப் ஆனது. அவர் துடைத்துக் காயவைத்து மறுபடியும் மாட்டினார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது மார்கழியில் நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது என் கணவரின் சித்தப்பா மகனுடைய வயல். வயதில் இளையவர், எனக்குக் கொழுந்தனார் முறை. ரசாயன உரம் போடாமல் சீரகச் சம்பா போட்டிருந்தார். வயல் முழுக்கக் கதிர் வாங்கித் தலை சாய்ந்திருக்க, எங்கள் சுவரோரம் மட்டும் ஒரு பட்டை பச்சைப்பசேல் என்று விறைத்து நின்றது. ஒரு கதிர் இல்லை.

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க” என்றார் கொழுந்தனார். “சீரகச் சம்பாவுக்கு ராத்திரின்னா இருட்டா இருக்கணும். ராத்திரி நீளுதுன்னு அதுக்குத் தெரிஞ்சாத்தான் கதிர் விடும். குறுவை ரகமா இருந்தா கவலை இல்ல, அது நாள் கணக்குல கதிர் விட்டுடும். தெருவிளக்குக்குக் கீழ இருக்கற சம்பாவைப் பாத்ததில்லையா நீங்க?”

பார்த்திருக்கிறேன். என் கணவரும் பார்த்து வளர்ந்தவர்தான். வெளிநாட்டுக்குப் போனதில் மறந்துவிட்டார். அவருக்கு வந்த வெட்கத்தில், நேரே மாடிக்கு ஏறி லைட்டைக் கழற்றிக்கொண்டு வந்து கீழே வைத்தார். “இனிமே தோட்டத்துல லைட்டே கிடையாது” என்று தீர்ப்பும் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தப்பாக மாட்டியது அவர், தண்டனை எனக்கா? ஆனால் கொழுந்தனாரிடம் கோபப்பட முடியவில்லை. நஷ்டம் அவருக்குத்தானே. அதனால் அவரிடமே ஒரு பேச்சு வைத்தேன்.

“தம்பி, வெளிச்சம் சுவரைத் தாண்டாம நான் விளக்கு வெக்கறேன். வர்ற சம்பாவுல உங்க சுவரோரம் ஒழுங்காக் கதிர் வரலேன்னா, அத்தனை விளக்கையும் பிடுங்கிப் போட்டுட்டு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

அவர் யோசித்துவிட்டு, “சரிங்க அண்ணி, உங்க வாக்கு” என்றார். என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் கடை, வாளி எல்லாம். சோலார் விளக்கை முதலிலேயே தள்ளிவிட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் சூரியன் தலைகாட்டாத வாரங்கள் உண்டு. அப்போதுதான் பாம்பும் அதிகம். முழங்கால் உயரத்துக்குமேல் போகாத குட்டைக் கம்ப விளக்கு, மேலே தொப்பி, வெளிச்சம் தரையை மட்டும் பார்க்க வேண்டும், மஞ்சள் நிறம், பன்னிரண்டு வோல்ட். இவ்வளவும் சொன்ன பிறகு கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“மேடம், வாட்டர் ப்ரூஃப்னு டப்பாவுலேயே போட்டிருக்கு.”

“டப்பாவா மழையில நிக்கப் போகுது?”

ஐ.பி. என்று போட்டு அறுபத்தைந்து என்றிருந்தால் பீய்ச்சி அடிக்கிற தண்ணீரைத் தாங்கும், அறுபத்தேழு என்றால் கொஞ்ச நேரம் முங்கிக் கிடந்தாலும் தாங்கும் என்று நானும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். எங்கள் தோட்டத்தில் கார்த்திகையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். எனக்கு அறுபத்தேழுதான் வேண்டும். எண் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதனால்தான் வாளி. முதல் விளக்கை முக்கி எடுத்தோம்; கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. கடைக்காரருக்கே சுருக்கென்றது. இரண்டாவது கம்பெனி விளக்கை அவரே முக்கிவிட்டு, தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். குடித்து முடித்து எடுத்துத் துடைத்தோம். உள்ளே பொட்டு ஈரம் இல்லை. “இது எத்தனை இருக்கோ அத்தனையும் குடுங்க” என்றேன். செருப்புக் கடையிலிருந்து என் கணவரைக் கூப்பிட்டுச் சுமக்க வைத்தேன்.

விளக்குகளை நட்டு முடித்த அன்று பொழுது சாயும் நேரத்தில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொழுந்தனாரின் வரப்பில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பயிரின் உயரத்துக்கு என் கண் இருக்க வேண்டும். “ஆன் பண்ணுங்க!” என்று கத்தினேன். சுவருக்குமேல் இருட்டாகவே இருந்தது. ஆனால் சுவரின் அடியில் தண்ணீர் வடிவதற்கு விட்டிருந்த ஓட்டைகள் வழியே இரண்டு விளக்குகள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டின. விடுவேனா? கொட்டாங்கச்சியைப் பாதியாக உடைத்து அந்த இரண்டுக்கும் வயல் பக்கம் மறைப்புக் கட்டினேன். திரும்பவும் வரப்பு, திரும்பவும் கத்தல். வரப்பு முழுக்க இருட்டு. அத்தனை சந்தோஷமாக நான் இருட்டைப் பார்த்ததே இல்லை.

ஐப்பசி வந்தது. புயல் சின்னம் என்றார்கள், விடாமல் கொட்டியது. என் கணவர் மெயின் போர்டு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், எப்போது டிரிப் ஆகும் என்று. ஆகவில்லை. தோட்டத்தில் தண்ணீர் ஏறி, விளக்குகளின் கால் முங்கி, மஞ்சள் வெளிச்சம் தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக அவர் ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார், பல்லைப் பிடுங்கினாற்போல. மழை விட்ட ஒரு சாயங்காலம் பாதையில் விரியன் ஒன்று சுருண்டு கிடந்ததை முன்கூட்டியே பார்த்து நின்றேன். அது தன் பாட்டுக்கு வாய்க்கால் பக்கம் போனது. விளக்கு இல்லாவிட்டால் மிதித்திருப்பேன்.

ஆனால் வாக்கு என்னவோ கதிருக்குத்தான். தினமும் பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு செங்கல்மேல் ஏறிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். நடு வயலில் பயிர் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டியது. சுவரோரம் இன்னும் தெரியவில்லை. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு காலை, நடு வயலில் கதிர் எட்டிப் பார்த்தது. செங்கல் ஆட, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். எனக்கு நேர் கீழே, சுவரை ஒட்டியே, வெள்ளைப் பூவோடு கதிர்கள். நடுவில் எப்படியோ ஓரத்திலும் அப்படியே. “வந்துடுச்சு!” என்று நான் போட்ட சத்தத்தில் என் கணவர் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடி வந்தார். அன்று பஸ்ஸைக் கோட்டை விட்டேன். கவலையே படவில்லை.

பொங்கலன்று கொழுந்தனார் கையில் ஒரு கதிர்க் கொத்தோடு வந்தார். புதுக் கதிரை அவரவர் வீட்டு வாசல் நிலையில் கட்டுவதுதான் வழக்கம். அவர் எங்களுக்கும் கொண்டுவந்திருந்தார்.

“சுவரோரத்துக் கதிர் அண்ணி. உங்களுக்குன்னு அங்கயே அறுத்தேன்” என்றவர், கொஞ்சம் தயங்கி, “மோட்டார் கொட்டகைக்குப் போற பாதைக்கு அதே லைட்டு நாலு வேணும். எந்தக் கடை?” என்றார்.

“கடையை நான் காட்டறேன். வாளியை அண்ணன் தூக்கிட்டு வருவாரு” என்றேன். என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன், போன வருஷத்துச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

கதிரை நிலையில் கட்ட என் கணவர் ஸ்டூலை எடுத்தார். வேண்டாம் என்று கதிரை வாங்கி, கொட்டாங்கச்சி கட்டியிருந்த விளக்கில் நானே கட்டினேன்.

பிறகு கனகாம்பரம் பறிக்கக் கூடையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். லீவு நாள்தான், வெயிலிலேயே பறித்திருக்கலாம். இருட்டிய பிறகுதான் போனேன்.