நட்சத்திரம் இல்லாதவர் கூறிய கட்டியம்

வேலேந்திய இளங்கோவே, கார்த்திகைத் தாயர் அறுவர் மடியில் வளர்ந்த அரசிளங்குமரா, உன் அடியவருள் கடையவனாகிய என் நாவில் பொய் புகாமலும் கையில் நடுக்கம் ஏறாமலும் காத்து நிற்பாயாக. நான் எழுதப் போவது என் பொறாமையை. அதையும் உன் சந்நிதியில் வைத்தே எழுத விரும்புகிறேன்.

இன்று மாசி மாதத்து வளர்பிறைச் சப்தமி. கார்த்திகை நட்சத்திரம் கூடிய வெள்ளிக்கிழமை. ஒஸ்லோ நகரின் ரொம்சோஸ் பகுதியிலுள்ள எங்கள் மாடி வீட்டில், விளக்கின் முன் திருநீறணிந்து அமர்ந்திருக்கிறேன். கீழே பனி தள்ளும் வண்டி முன்னும் பின்னுமாக உறுமிக்கொண்டிருக்கிறது.

எங்கள் முருகன் கோயில் முன்னாளில் ஒரு தச்சுப் பட்டறை. கூரையில் இன்றும் பாரம் தூக்கும் இரும்புக் கொக்கி தொங்குகிறது. ஆயினும் ஆவணித் தேரன்று குடையும் சாமரையும் ஆலவட்டமும் சூழச் சுவாமி வெளிவரும்போது, அந்த இடம் ஓர் இளவரசனின் அவையாகிவிடும். அப்போது ஒருவர் முன்னே நின்று அவருடைய விருதுகளையும் வெற்றிகளையும் உரத்த குரலில் அறிவிப்பார். அதற்குக் கட்டியம் என்று பெயர். அதன் முடிவில் ஓர் அடியவரின் ஊரும் பெயரும் நட்சத்திரமும் சொல்லப்படும். குருக்கள் அன்றைய முதற் காளாஞ்சியை, அதாவது தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்த மரியாதைத் தட்டை, அந்த அடியவர் கையிலேயே கொடுப்பார்.

அந்தக் கட்டியத்தை இயற்றியவன் நான். ஆண்டுதோறும் கூறிக் காளாஞ்சி வாங்கியவனும் நானே. நொர்வேயின் வடகோடி ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டும் மேசை முன் நின்ற நாட்களில், கை தன் வேலையைப் பார்க்க, மனம் பதிகங்களை ஓதிக்கொண்டிருக்கும். அந்த ஓதலிலிருந்து பிறந்த சொற்கள் அவை. அயற்பகுதியான ஸ்டோவ்னரில் குடியிருந்த குரல்வளமுள்ள ஒருவர் அந்தப் பேற்றுக்கு ஆசைப்படுவதாகக் காதில் விழுந்தது. அப்போது கோயிலின் செயலாளராக இருந்த நான், கட்டியம் கூறும் உரிமை செயலாளருக்கே உரியது என்று சபையில் ஒரு விதி நிறைவேற்றினேன். உயிருள்ளவரை நானே செயலாளர் என்ற நம்பிக்கைதான் காரணம்.

அதன்பின் ஓர் இத்தாலியர் வந்தார். ஐம்பது வயதை அடுத்தவர். இலத்தீன் கற்றவர். பழைய கடிதங்களை ஆராய்வதற்காக ஒஸ்லோவுக்கு வந்திருந்தார். இளமையில் மதுரையில் தங்கித் தமிழ் படித்தவராம். ஒரு வெள்ளிக்கிழமை மேற்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். பூசை முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, “ஐயா, நீங்க ஓதினது என்ன பண்?” என்று கேட்டார். அந்தக் கோயிலில் அதுவரை எவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அந்த மகிழ்ச்சியில் சில நாள் எல்லோரிடமும் அவரைப் புகழ்ந்து திரிந்தேன். என் வாயாலேயே அவருக்குப் பாதை போட்டேன் என்று பின்னர் விளங்கியது.

அந்த ஆண்டு தேருக்காகத் தெருவை மறிப்பதற்குக் கொமூன் எனப்படும் நகரசபை அனுமதி தரத் தயங்கியது. என் நொர்வேஜிய மொழி மீன் மேசைக்குப் போதுமானது, அலுவலகத்துக்குப் போதாது. இத்தாலியருக்கு அம்மொழி நன்கு வரும். அவர் எழுதினார், அவரே நேரிற் சென்றும் கதைத்தார். அனுமதி வந்தது. பேருந்தையும் வேறு வழியால் திருப்பிவிடச் சம்மதித்தார்கள். கட்டியத்தை வழமைபோல நான் கூறினேன். ஆனால் சனங்கள் கைகொடுத்தது அவருக்கு.

அடுத்த பொதுக்கூட்டத்தில் கோயில் சபைத் தலைவர் எழுந்தார். என்னிலும் இளையவர். பக்கத்திலிருந்த இத்தாலியரைக் காட்டிச் சொன்னார்.

“அண்ணை, நீங்கள் இனி ஆலோசகரா இருங்கோ. கொமூனையோடை கதைக்கிற வேலையளை இவர் பாக்கட்டும். உங்களுக்கும் அலைச்சல் குறையும்.”

“அலையிறது என்ரை கால். உங்களுக்கென்ன நோகுது?”

சபை சிரித்தது. சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி அவரைச் செயலாளராக்கியது. கட்டியம் யார் சொல்லுவது என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“இதென்ன கேள்வி? செயலாளர்தான். அண்ணையே வைச்ச விதியெல்லே” என்றார் தலைவர்.

நான் கட்டிய வேலிக்கு வெளியே நானே நின்றேன்.

தேருக்கு முன்னர் ஒருநாள் இத்தாலியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி உழுந்து வடை சுட்டு வைத்தாள். வடையைப் பிய்த்துக்கொண்டே தம் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்.

“எங்க ஊர்ல அந்தக் காலத்துல நிறையப் படிச்சவங்களுக்கு வேலை கிடைக்காது ஐயா. பனிமலையைத் தாண்டி வடக்கே வருவாங்க. ஏதாவது ஒரு இளவரசனோட அவையில செயலாளரா உக்காருவாங்க. குளிரு, புரியாத பேச்சு, பிடிக்காத சாப்பாடு. வீட்டுக்கு எழுதற கடிதம் பூரா புலம்பல்தான். அவங்களப் பத்தித்தான் நான் படிக்கிறேன்.” பிறகு சுவர்ப்படத்திலிருந்த குமரனைக் காட்டினார். “இப்ப நானும் ஒரு வெளிநாட்டு இளவரசன்கிட்ட செயலாளர். என்ன, இங்க சாப்பாடு மட்டும் பிரமாதம்.”

“இன்னும் ரெண்டு போடட்டே தம்பி?” என்று என் மனைவி உருகிப் போனாள்.

எனக்கோ உள்ளே எரிந்தது. ஆயுள் முழுவதும் அவனை அரசே, குமரனே என்று அழைத்திருக்கிறேன். ஆயினும் அவன் அவையில் சம்பளமில்லாத உத்தியோகத்தன் நான் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. இவரோ ஒரு வடை தின்று முடிப்பதற்குள் அந்த உறவைக் கொண்டாடிவிட்டார்.

“கட்டியம் பாடமாக்க வேணுமே?” என்றேன். பாடம் கேட்க வந்திருக்கிறார் என்ற நினைப்பில் என் குரல் சற்று உயர்ந்திருந்தது.

“ஆயிடுச்சு ஐயா. போன தேர்ல நீங்க சொன்னதப் பதிவு பண்ணி வச்சிருந்தேன்.”

எழுந்து கைகூப்பிச் சொல்லத் தொடங்கினார். ஒரு ழகரமாவது பிசகாதா என்று செவியைத் தீட்டிக் காத்திருந்தேன். பிசகவில்லை. முடிவில் அடியவரை அறிவிக்கும் இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். “இது மட்டும் அன்னைக்கு” என்று சிரித்தார்.

அவர் போனபின் மனைவி தட்டை எடுக்க வந்தாள்.

“என்ன, முகம் கறுத்துக் கிடக்கு?”

“ஒண்டுமில்லை.”

“அந்த மனிசன் நல்லாச் சொல்லிப்போட்டுது எண்டுதானே?”

“கண்டறியாத கதை. போய் விளக்கை ஏத்து.”

“விளக்கு அப்பவே ஏத்தியாச்சு. நீங்கள்தான் பாக்கேல்லை.”

தேரன்று நான் தூணோரமாக நின்றேன். சுவாமி எழுந்தருளினார். இத்தாலியர் பட்டு வேட்டியும் நெற்றி நிறைந்த திருநீறுமாக முன்னே வந்தார். வெயிலில் தோள் சிவந்திருந்தது. என் சொற்கள் ஒவ்வொன்றாக அவர் வாயிலிருந்து புறப்பட்டு, மேளமும் அடங்கிய அமைதியில், கூரைக் கொக்கிவரை சென்று திரும்பின. நான் கூறிய நாட்களில் குழந்தைகள் ஓடித் திரிவார்கள். அன்று அவர்களும் நின்று கேட்டார்கள்.

இறுதி இடம் வந்தது. இத்தாலியில் எந்த ஊரைச் சொல்லப் போகிறார் என்று பார்த்திருந்தேன். அவர் என் ஊரைச் சொன்னார். என் பெயரைச் சொன்னார். “அவிட்ட நட்சத்திரத்து அடியவர் இயற்றியதை, அவர் பொருட்டுச் செயலாளன் கூறினேன்” என்று முடித்து நிலத்தில் விழுந்து வணங்கினார்.

எல்லாத் தலைகளும் தூணின் பக்கம் திரும்பின. குருக்கள் வழக்கம் தவறாதவர். தட்டை ஏந்திக்கொண்டு கூட்டத்தை விலக்கி என்னிடம் வந்தார். முதற் காளாஞ்சி என் கைக்கே வந்தது. வேண்டியது கிடைத்துவிட்டது. ஆயினும் எனக்குப் பின்னால் பெண்கள் கதைத்தது காதில் விழுந்தது.

“பாத்தியளே, என்ன பெருந்தன்மை!”

“எங்கடை ஆக்களிலை ஒருத்தர் விட்டுக் குடுப்பினமே?”

தட்டு என் கையில் இருந்தது. புகழ் அவரிடம் போய்விட்டது. என் பெயரைக்கூட என்னைவிட அவர் அழகாக உச்சரித்திருந்தார்.

செருப்பு வைக்கும் இடத்தில் அவரைப் பிடித்தேன். “ஏன் தம்பி அப்பிடிச் சொன்னீர்?”

“செயலாளர் எப்பவும் தன் பேர்ல எழுதறதில்ல ஐயா. யாருக்காக எழுதறாரோ அவர் பேர்லதான்” என்றார், மிகச் சாதாரணமாக.

இந்தத் தை மாதத்தில் மறுபடியும் வந்தார். வரும் தேருக்குக் கட்டியத்தில் புதிய அடிகள் சேர்த்துத் தர வேண்டும் என்று கேட்டார். “கடைசியில உங்க பேரே இருக்கட்டும் ஐயா” என்றும் சொன்னார். அந்தப் பெருந்தன்மையை இன்னொரு முறை தூணோரம் நின்று சுமக்க என்னால் இயலாது. அந்தப் புகழை இம்முறை நானே எடுத்துக்கொள்வதென்று தீர்மானித்தேன்.

“இல்லைத் தம்பி. இந்த முறை உம்மடை ஊர், உம்மடை பேர், உம்மடை நட்சத்திரம். நான் எழுதித் தாறன்.”

அவர் திகைத்தார். “எனக்கு நட்சத்திரம் இல்லையே ஐயா. நான் பொறந்த நேரம் எங்க அம்மாவுக்கே ஞாபகம் இல்ல.”

கணப்பொழுது எனக்கு உள்ளம் குளிர்ந்தது. கற்றவை அத்தனை இருந்தும் ஒரு நட்சத்திரம் இல்லை. இதிலாவது நான் முந்தியவன்.

அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “நட்சத்திரம் தெரியாத ஆக்களுக்குச் சுவாமியின்ரை பேரிலைதானே அருச்சனை. எங்கடை பிள்ளையள் கட்டின நொர்வேஜியப் பெடியளுக்கும் அப்பிடித்தானே ஐயர் செய்யிறவர்? சுவாமியின்ரை நட்சத்திரத்தையே போட்டு விடுங்கோவன்.”

அது எங்கள் கோயில் வழக்கம். மறுக்க இடமில்லை. வழக்கங்களைக் காப்பவன் என்று பெயர் வாங்கியவன் நான்.

“சரியே தம்பி?” என்றேன்.

அவர் கண்கள் நனைந்தன. “ஓம் ஐயா” என்றார். அது எங்கள் ஊர்ச் சொல். அதுவரை அவர் மதுரைத் தமிழில் ஆமாம் என்றுதான் சொல்வார்.

ஆகவேதான் இந்தக் கார்த்திகை நாளில் விளக்கின் முன் அமர்ந்தேன். எழுபது கடந்த, அவிட்டத்திற் பிறந்த அடியவனாகிய நான், பனிமலைக்கு அப்பால் பிறந்த ஒருவருக்கு, என் கையாலேயே, குமரனின் கார்த்திகையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதும்போதும் பொறாமை குறையவில்லை. எழுத்தோ வழக்கத்திலும் அழகாகவே விழுந்தது.

மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “அப்ப இனி நீங்கள்தான் அவரின்ரை செக்கிரட்டறி.”

ஆவணியில் முதற் காளாஞ்சி என்னைக் கடந்து அவரிடம் போகும். தூணோரம் நின்று அதை இதே கண்ணால்தான் பார்ப்பேன். இளவரசே, உன் அவையில் பொறாமைக்காரனுக்கும் நிற்க ஒரு தூண் விட்டிருக்கிறாய். அது போதும்.

இதை வாசிப்போர் யாவரும், தம் நட்சத்திரம் அறிந்தவரும் அறியாதவரும், அவன் அவையில் தத்தமக்குரிய இடம் பெறுக. அவர்கள் வீட்டு விளக்கு எந்தக் குளிரிலும் நின்று எரிக. அவர்கள் பெயரை அன்போடு உரக்கச் சொல்ல ஒரு குரல் எங்கும் வாய்க்க.