ஓரெழுத்து வீடு

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒரே ஒரு வார்த்தைதான். அதுவும் மாமாவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் கிடைத்தது.

மாமா அம்மாவின் தம்பி. பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அந்தப் பிரெஞ்சுக்காரர் நாடு திரும்பியதும் எங்களோடு வந்து தங்கிவிட்டார். கைமணம் உண்டு, வாய்ச்சாலகம் அதைவிட உண்டு. சொந்தமாகக் கூரைதான் கிடையாது.

ஏரலில் பார்த்த பெண்ணை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பெண்ணின் அப்பா கேட்ட முதல் கேள்வியே, "மாப்பிளைக்கு வீடு எங்கன?" என்பதுதான்.

அம்மா தரையைப் பார்த்தாள். மாமா அசரவில்லை.

"வீட்டப் பத்தியா கேக்கிய அண்ணாச்சி? லத்தீன்ல குடிசைக்குக் 'காசா'ன்னு பேரு. இத்தாலிக்காரனும் போர்ச்சுக்கீசியனும் இன்னைக்கும் வீட்ட அப்படித்தான் சொல்லுதான். பிரெஞ்சுக்காரன் தேய்ச்சுத் தேய்ச்சு 'ஷே'ன்னு ஆக்கிட்டான். இன்னார் வீட்டுலன்னு அர்த்தம். தனியா நிக்காது, பின்னால ஒரு ஆள் வேணும்."

"போர்ச்சுக்கீசியன் நம்ம கடக்கரைக்கு வந்தவன்லா?"

"வந்தான். சன்னல், சாவி, அலமாரி, எல்லாம் அவன் குடுத்த பேருதான். வீட்ட மட்டும் அவனே வச்சுக்கிட்டான்."

பெண்ணின் அப்பா முகம் இளகவில்லை. "வீடு இல்லன்னு சொல்லுததுக்கு லத்தீன் வரைக்கும் போவணுமா வே?"

கதவுக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. பெண்தான். அடக்கப் பார்த்துப் புரையேறி இருமினாள். அவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"எம்மவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. ஒத்தப் பிள்ள. கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் இங்கனயே இருக்கணும், சம்மதமா?"

மாமா அம்மாவைப் பார்த்தார். "நல்லா இருந்தாச் சரி" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் மாமா எனக்குப் பாடம் எடுத்தார். "மாமா எங்கலேன்னு யாராச்சும் கேட்டா, இனி 'ஷே அத்தை'ன்னு சொல்லணும், என்ன?" ஊர் வரும்வரை அதையே கத்திக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பின்கட்டு அறையைத் திறந்தாள். தன் தம்பி கல்யாணமாகி மனைவியோடு இருக்கட்டும் என்று அப்பாவிடம் சண்டைபோட்டுச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த அறை. இரண்டு ஆடுகளையும் இழுத்துக்கொண்டுபோய் அதில் கட்டினாள். ஆடுகளுக்கு வந்த யோகத்தைப் பார்த்து நானும் தங்கையும் உருண்டு புரண்டு சிரித்தோம். அம்மா வெகுநேரம் கழித்தே வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

புதுச் சுண்ணாம்பின் நெடி என்று நினைத்துக்கொண்டேன்.